ஒரு பாடவேளைக்கு ஒரு பொருள்: ஆசியக் கலையையும் சமயங்களையும் வகுப்பில் நடத்தும் முறை

ஆசியச் சமயங்கள் என்று பாடத்தைத் தொடங்கினால் முதலில் கரும்பலகையில் ஏறுவது ஓர் அட்டவணை. சமயம், தோற்றுவித்தவர், புனித நூல், வழிபாட்டிடம், பண்டிகை என்று ஐந்து கட்டங்கள். மாணவர்கள் அதை இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். தேர்வு முடிந்த மறுவாரம் ஒன்றும் மிஞ்சாது. மறந்துபோவதுகூடப் பரவாயில்லை, அந்த அட்டவணை தவறாகவும் கற்பிக்கிறது என்பதுதான் கவலை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஜாவாவில் ராமாயணமும் மகாபாரதமும் விடிய விடிய நிழற்பாவைக் கூத்தாக நடக்கின்றன. ஜப்பானில் பிறந்த குழந்தையை ஷிந்தோ ஆலயத்துக்கு எடுத்துச் செல்லும் அதே குடும்பம், வீட்டில் ஒருவர் இறந்தால் பௌத்தத் துறவியை அழைக்கிறது. கம்போடியாவின் அங்கோர் வாட்டை 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காகக் கட்டினான். பின்னாளில் அது புத்தர் கோயிலாயிற்று. இவற்றையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மாற்று வழி ஒன்று இருக்கிறது. ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலை, ஒரு சுருள் ஓவியம், ஓர் ஓட்டுச் சுவர், ஒரு பாவை. பாடம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி நடக்கட்டும்: இதை வைத்துக்கொண்டு யார், எங்கே, என்ன செய்தார்கள்? சிலையைத் தூக்கிக்கொண்டு வீதியில் போனார்கள். சுருளை மடியில் வைத்து விரித்தார்கள். பௌத்தத் தூபியைச் சுற்றி நடந்தார்கள். அந்தச் செயலைப் பிடித்துக்கொண்டால் நம்பிக்கை, கதை, வரலாறு, கைவினை எல்லாம் தானாகப் பின்னால் வரும். நம்பிக்கையை முதலில் விளக்கிவிட்டுப் பொருளை அதற்கு விளக்கப்படமாகக் காட்டினால், மாணவர் பொருளைப் பார்ப்பதே இல்லை.

கீழே உள்ளவை 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களையும் 45 நிமிடப் பாடவேளையையும் மனத்தில் வைத்து எழுதியவை.

பொருளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு பருவத்துக்கு ஆறு பொருள்கள் போதும். பதினைந்து வைத்தால் எல்லாமே படக்காட்சியாகி ஓடிவிடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான்கு விவரங்கள் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்: எங்கே எப்போது செய்யப்பட்டது; என்ன அளவு; எதற்குப் பயன்பட்டது; இப்போது இருக்கும் இடத்துக்கு எப்படி வந்தது. நான்காவதற்குப் பதில் கிடைக்காத பொருள்களும் உண்டு. அதையே பாடமாக்கலாம். ஆனால் மூன்றாவதற்குப் பதில் தெரியாவிட்டால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

படங்களைப் பெரிய அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பிலிருந்தே எடுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் பல லட்சம் படங்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதித்திருக்கிறது. அளவு, பொருள், காலம் எல்லாம் படத்தோடு இருக்கும். தேடுபொறியில் கண்ணில் படும் முதல் படத்தை எடுத்தால் புதிதாகச் செய்த நகலோ ஹோட்டல் அலங்காரச் சிலையோ வந்து சேரும். கணினி உருவாக்கிய படமும் இப்போது கலந்து வருகிறது. அதில் விரல்களும் கை முத்திரைகளும் தவறாக இருக்கக்கூடும்.

படத்தை ஏ3 தாளில் அச்சிட்டு நான்கு பேருக்கு ஒன்று என்று கொடுங்கள். திரையில் காட்டுவது போதாது. திரையில் எல்லாப் பொருளும் ஒரே அளவாகிவிடுகிறது. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை அச்சு ஓவியம் ஏறத்தாழ 25 × 37 செ.மீ. தான், அதே நாட்டின் காமகுராவில் உள்ள வெண்கல புத்தரோ பீடம் நீங்கலாகவே 11 மீட்டருக்கு மேல். முன்னதற்கு ஒரு தாளை அதே அளவுக்கு வெட்டி மேசைமேல் வையுங்கள். பின்னதற்கு 11 மீட்டர் கயிற்றை மைதானத்தில் நீட்டிப் போட்டு, மாணவர்களை அதன் இரு முனையிலும் நிற்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் ‘மிகப் பெரியது’ என்ற சொல்லால் ஆகாததை அது செய்துவிடும்.

முதல் பத்து நிமிடம்

பெயரைச் சொல்லாமல் படத்தைக் கொடுங்கள். மூன்று நிமிடம் பேச்சில்லாமல் பார்க்கட்டும். பிறகு கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பத்து வரியாக எழுதச் சொல்லுங்கள். ‘கைகள் நான்கு’, ‘இடது கால் தரையில் இல்லை’ சரி. ‘கோபமாக இருக்கிறார்’, ‘கடவுள்’ என்று எழுதினால், அழிக்கச் சொல்ல வேண்டாம், ‘எதைப் பார்த்து அப்படி எழுதினாய்?’ என்று கேளுங்கள். அடுத்த ஐந்து நிமிடம் பென்சிலால் வரையட்டும். முழு உருவத்தையும் வரைய வேண்டாம், ஒரு கை அல்லது பீடம் போதும். வரையத் தெரியாது என்பவர்கள்தாம் அதிகம் கவனிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் ஒவ்வொரு கோட்டுக்கும் திரும்பத் திரும்பப் படத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, மூன்று நிமிட மௌனத்தைத் தாங்க முடியாமல் ஆசிரியரே பேசத் தொடங்கிவிடுவது. ஒரு நிமிடத்தில் சலசலப்பு வரும், விட்டுவிடுங்கள்; இரண்டாவது நிமிடத்தில்தான் பார்வை நுணுக்கங்களுக்கு இறங்குகிறது.

நன்கு அறிமுகமான உருவம் என்றால் வேறு உத்தி வேண்டும். சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியைத் தமிழ் மாணவர்களிடம் காட்டினால் ‘தெரியுமே’ என்று கண்ணை எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு முன்பக்கத்தைக் காட்டாதீர்கள். பீடத்தை மட்டும் காட்டுங்கள். பல பீடங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். எதற்கு என்று கேளுங்கள். விளக்கு வைக்க, பூ வைக்க, தண்ணீர் வடிய என்று பல பதில்கள் வரும். கடைசியில் யாராவது ஒருவர், கம்பு கொடுத்துத் தூக்க என்பார். அங்கே பாடம் திறந்துகொள்ளும். கருவறையில் அசையாமல் இருக்கும் மூலவர் வேறு, வீதிக்கு வரும் உற்சவர் வேறு. கோயிலுக்குள் வர முடிந்தவர்களும் வராதவர்களும் காண இறைவன் வெளியே வருகிறான் என்பதுதான் அந்தத் துளைகளின் பொருள். வீதியுலா வரும்போது பட்டும் மாலையும் நகையும் சார்த்தியிருப்பதால் முகமும் கைகளும் தவிரப் பெரும்பகுதி மறைந்திருக்கும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வெறுமையாக நிற்கும் அதே திருமேனியின் படத்தையும் அலங்காரத்தோடு உள்ள படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘கலைப்பொருள்’, ‘தெய்வம்’ என்ற இரண்டு பார்வைக்கும் உள்ள தூரத்தை மாணவர்களே அளந்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் கைகள். பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ. முன் வலக்கை அஞ்சேல் என்கிறது. முன் இடக்கை துதிக்கைபோல் குறுக்கே வந்து தூக்கிய காலைச் சுட்டுகிறது. ஊன்றிய காலின் கீழ் முயலகன். சைவ மரபு இவற்றைப் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலோடு பொருத்துகிறது. எது எதற்கு என்று நீங்கள் சொல்வதற்கு முன் மாணவர்களைப் பொருத்தச் சொல்லுங்கள். உடுக்கையின் ஒலியைப் படைப்போடு பொருத்த அவர்களுக்குச் சற்றுத் தயக்கம் இருக்கும். தீயும் அஞ்சேல் கையும் எளிதில் பிடிபடும். செய்முறையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, காயவைத்துச் சூடாக்க, மெழுகு உருகி வெளியேறும், அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைக்கிறார்கள். அச்சு உடைந்துவிடுவதால் இரண்டு திருமேனிகள் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. இதை வகுப்பில் செய்துகாட்ட முயல வேண்டாம், சூடான மெழுகு தோலைச் சுடும். நான்கு கட்டமாக வரைந்த குறுக்குவெட்டுப் படம் போதுமானது.

கண்திறப்பு: ஒப்பிட ஒரு நல்ல வாய்ப்பு

ஒப்பீடு என்றதும் பண்டிகைகளை ஒப்பிடுவதுதான் வழக்கம். அதில் இனிப்பு, விளக்கு, புத்தாடை என்று எல்லாம் ஒன்றுபோலத் தோன்றி முடிந்துவிடும். அதைவிட ஆழமான ஒப்பீட்டுக்கு ஒரு செயலை எடுங்கள். சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு அப்படிப்பட்டது.

வகுப்பை மூன்று குழுவாகப் பிரியுங்கள். முதல் குழுவுக்குத் தமிழகம்: சுவாமிமலை மரபில், மற்ற வேலைகள் எல்லாம் முடிந்தபின் கடைசியாகத் தனி உளியால் சிற்பி கண்ணைத் திறக்கிறார். இரண்டாவது குழுவுக்கு இலங்கை: புத்தர் சிலைக்குக் கண் வரையும் கலைஞர் நேராகச் சிலையின் கண்ணைப் பார்ப்பதில்லை. சிலைக்கு முதுகு காட்டி நின்று, கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பார்த்துத் தோளுக்கு மேலாகத் தூரிகையை நீட்டி வரைகிறார். மூன்றாவது குழுவுக்கு ஜப்பான்: நாரா நகரின் தோடாய்ஜி கோயிலில் 752-இல் பெரிய வெண்கல புத்தருக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தூரிகையும் நீல நிறக் கயிறும் இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஒவ்வொரு குழுவும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதட்டும். யார் செய்கிறார்? எந்தக் கருவியால்? யார் உடன் இருக்கிறார்கள்? எது ஆபத்தாகவோ கூடாததாகவோ கருதப்படுகிறது? பத்து நிமிடம் கழித்துக் குழுக்களைக் கலைத்து, மூன்று குழுவிலிருந்தும் ஒருவர் இருக்கும்படி புதுக் குழுக்கள் அமையுங்கள், ஒருவருக்கொருவர் விளக்கட்டும்.

இங்கே ஒரு விபத்து காத்திருக்கிறது. ‘ஆக, எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது’ என்று யாராவது முடித்துவைப்பார்கள். அன்பான சொல்தான், ஆனால் சிந்தனை அங்கே நின்றுவிடும். அதனால் ஒப்பீட்டின் கடைசிப் படி எப்போதும் வேறுபாடாக இருக்கட்டும். இலங்கையில் கலைஞர் ஏறத்தாழத் தனியாக இருக்கிறார், நாராவில் கயிறு பிடித்து ஒரு கூட்டமே பங்கேற்கிறது, ஏன்? ஒன்றில் பார்வையின் வலிமையைக் கண்டு அஞ்சுகிறார்கள், மற்றொன்றில் அதன் புண்ணியத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்ற இடத்துக்கு 9-ஆம் வகுப்பு மாணவர்கள் தாங்களாகவே வந்துசேர்வார்கள்.

புத்தர் உருவம் நடந்த பாதை

ஆறு அட்டைகள் தயாரியுங்கள். மத்திய இந்தியாவின் சாஞ்சித் தூபியின் தோரணப் புடைப்புச் சிற்பம், காந்தார புத்தர் (இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதி), வட இந்தியாவின் மதுரா புத்தர், சீனத்தின் யுன்காங் குகை (5-ஆம் நூற்றாண்டு), கொரியாவின் சொக்குராம் (8-ஆம் நூற்றாண்டு), தாய்லாந்தின் சுகோத்தாய் காலத்து நடக்கும் புத்தர். பின்பக்கத்தில் எதுவும் எழுத வேண்டாம்.

சாஞ்சியில் தொடங்குங்கள். அங்கே புத்தரின் வாழ்க்கைக் காட்சிகள் உண்டு, புத்தர் இல்லை. வெற்று அரியணை, அரசமரம், பாதச்சுவடு, குடை மட்டுமே. ‘இந்தக் காட்சியில் யார் இல்லை?’ என்ற கேள்வியே போதும். அடுத்து காந்தாரமும் மதுராவும். ஒன்றில் கனத்த மடிப்புகளோடு தோளை மூடிய ஆடை, அலையலையான முடி. மற்றதில் உடலோடு ஒட்டிய மெல்லிய துணி. ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு இடங்களில் இரு வேறு உடல்கள். அட்டைகளை உலக வரைபடத்தில் வைத்துக் கயிற்றால் இணைக்கச் சொன்னால், தரைவழி மேற்கிலிருந்து கிழக்கே வளைந்து போவது தெரியும். சுகோத்தாய் அந்தக் கயிற்றில் சேராது. அதற்குத் தெற்கிலிருந்து ஒரு கடல்வழி வேண்டும். சேராத அட்டைதான் கடல் வணிகத்தைப் பற்றிப் பேச வழி செய்கிறது.

புத்தரின் கை முத்திரைகளில் ஒன்றை மட்டும் ஆழமாக நடத்துங்கள். ஐந்தையும் பட்டியலிட்டால் விரல்கள் குழம்பிவிடும். நிலந்தொடு முத்திரை நல்ல தேர்வு: இடக்கை மடியில், வலக்கை விரல்கள் முழங்காலுக்கு மேலாக இறங்கித் தரையைத் தொடும். ஞானம் பெறும் இரவில் மாரன் தடுக்க வந்தபோது, நிலத்தையே சாட்சிக்கு அழைத்தார் என்று பௌத்த மரபு சொல்கிறது. நீண்டு தொங்கும் காதுமடலைக் காட்டி ஏன் என்று கேளுங்கள். இளவரசராக அணிந்த கனத்த காதணியின் தடம், இப்போது அணி இல்லை. துறவு என்ற கருத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

வகுப்பில் எப்போதும் ஒருவர் தொப்பையோடு சிரிக்கும் உருவத்தைக் குறிப்பிட்டு, அவரும் புத்தர்தானே என்பார். அவர் புடாய் என்ற சீனத் துறவி. இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் வடிவமாகச் சீனத்தில் கருதப்பட்டவர். கேட்டவரை நகையாடாமல், அந்தக் குழப்பம் எப்படி வந்தது என்பதையே அடுத்த தேடலாகக் கொடுங்கள்.

ஒரே நேரத்தில் முழுவதையும் காண முடியாத ஓவியம்

சீனத்தின் நீளக் கைச்சுருள் ஓவியம் சுவரில் மாட்டுவதற்கானது அல்ல. மேசைமேல் வைத்து, இடக்கையால் புதிதாக விரித்து, வலக்கையால் பார்த்து முடித்ததைச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். கண் வலமிருந்து இடமாகச் செல்லும். ஒரு நேரத்தில் தெரிவது கைக்கெட்டும் அகலம் மட்டும்.

இதைப் புரியவைக்க ஒரே வழி, சுருளைக் கையில் கொடுப்பது. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள ஜாங் செதுவானின் சிங்மிங் கால ஆற்றங்கரை ஓவியம் (12-ஆம் நூற்றாண்டு) 24.8 செ.மீ. உயரமும் ஏறத்தாழ 528 செ.மீ. நீளமும் கொண்டது. ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து, தாளின் உயரத்துக்குப் படத்தைப் பொருத்தினால் 16 தாள்கள் வேண்டும். அச்சுப்பொறி ஓரத்தில் விடும் வெள்ளையை வெட்டிவிட்டு, தாளுக்குத் தாள் 1 செ.மீ. மேலேறும்படி ஒட்டுங்கள். நீர்ப்பசை வேண்டாம், தாள் சுருங்கி நெளியும், பசைக்குச்சி போதும். இரு முனையிலும் 30 செ.மீ. மரக்கோலை ஒட்டிச் சுருட்டுங்கள். வலது முனை வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும். தலைகீழாகச் சுருட்டிவிட்டால் மாணவர்கள் கதையை முடிவிலிருந்து பார்ப்பார்கள், பாலம் வரும் அதிர்ச்சியே போய்விடும்.

ஏனென்றால் ஓவியம் வலது முனையில் அமைதியான கிராமப்புறத்தில், சுமைக் கழுதைகளோடு தொடங்குகிறது. விரிக்க விரிக்க ஆறு வருகிறது, படகுகள் கூடுகின்றன; நடுவில் வளைந்த மரப்பாலம். கீழே ஒரு படகு பாலத்தில் மோதிவிடும்போல நெருங்க, படகோட்டிகள் பாய்மரத்தை இறக்கப் போராடுகிறார்கள், பாலத்தின்மேல் கூட்டம் எட்டிப் பார்த்துக் கத்துகிறது. அதைத் தாண்டினால் நகர வாயில், ஒட்டகங்கள். இருவர் இருவராக உட்கார்ந்து விரிக்கட்டும். கைக்கெட்டும் அகலத்துக்கு மேல் விரிக்கக் கூடாது என்பது விதி. பார்த்து முடித்ததும் கேளுங்கள்: ஓவியர் எங்கே நின்று வரைந்திருப்பார்? ஒரே இடத்தில் நின்று இதை வரையவே முடியாது என்று கண்டுபிடிப்பார்கள். பார்வைப் புள்ளி நம்மோடு சேர்ந்து நடக்கிறது.

ஓவியங்களின் ஓரத்தில் உள்ள சிவப்பு அச்சு முத்திரைகளையும் தவறவிடாதீர்கள். வைத்திருந்தவர்களும் ரசித்தவர்களும் பதித்தவை. சியென்லுங் பேரரசர் இதில் பெயர்பெற்றவர். ஓவியத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று மாணவர்கள் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தை விவாதமாக்குங்கள்.

கவராயத்தால் ஒரு சுவர்

இஸ்லாமியக் கலையில் உருவங்களே கிடையாது என்று பல பாடநூல்களில் படிக்கிறோம். பாரசீக, முகலாயச் சிற்றோவியங்களில் மனிதரும் விலங்கும் நிறைந்திருப்பதை ஒரு படம் காட்டினாலே அது தவறு என்று தெரியும். பள்ளிவாசலிலும் குர்ஆன் பிரதிகளிலும் உருவம் தவிர்க்கப்படுகிறது. அங்கே எழுத்தணியும் செடிகொடி அலங்காரமும் வடிவியலும் செழித்தன. வடிவியலைக் கையால் போட்டுப் பார்ப்பதுதான் அதைக் கற்கும் வழி.

தேவை: ஏ4 தாள், கவராயம், எண் இல்லாத நேர்விளிம்பு, கூரான பென்சில், கருப்பு மைப்பேனா. அளவுகோலின் எண்களைப் பார்க்கவே கூடாது.

1. தாளின் நடுவில் கவராயத்தைக் கண்மதிப்பாக ஏறத்தாழ 3 செ.மீ. திறந்து வட்டம் போடுங்கள். இனி இந்தத் திறப்பை மாற்றக் கூடாது.

2. அதே திறப்பில் பரிதியின்மேல் அடுத்தடுத்து ஆறு குறிகள் இட்டு, அவற்றை இணைத்து அறுகோணம் வரையுங்கள்.

3. ஒரு பக்கத்தின் இரு முனைகளிலிருந்தும் வெளிப்புறமாக வில் இட்டால் அவை வெட்டும் புள்ளிதான் பக்கத்து அறுகோணத்தின் மையம். இப்படி ஆறு மையங்கள் கண்டு, மொத்தம் ஏழு அறுகோணங்கள் போடுங்கள்.

4. மையத்தையும் பக்கத்து மையத்தையும் கோட்டால் இணைத்தால் பொதுப் பக்கத்தின் நடுப்புள்ளி கிடைக்கும். வெளி விளிம்பில் உள்ள பக்கங்களுக்கும் இதேபோல் வெளியே வில் இட்டு நடுப்புள்ளி காணலாம்.

5. ஒவ்வொரு அறுகோணத்திலும் ஒரு நடுப்புள்ளி விட்டு அடுத்ததை இணையுங்கள். இரண்டு முக்கோணங்கள் சேர்ந்து ஆறுமுனை நட்சத்திரம் ஆகும்.

6. நட்சத்திரங்களை மட்டும் மையால் வரைந்து, பென்சில் கோடுகளை அழியுங்கள்.

நட்சத்திரத்தின் கோடு பக்கத்து அறுகோணத்துக்குள் வளையாமல் நேராக ஓடும். நட்சத்திரங்களுக்கு இடையே யாரும் வரையாத அறுகோணங்கள் தாமே தோன்றும். பென்சில் கோட்டை அழித்தபின் இது எப்படிப் போட்டது என்றே தெரியாது. தாள் முடிந்த இடத்தில் வடிவம் முடியவில்லை, எல்லாத் திசையிலும் போய்க்கொண்டே இருக்கலாம். முடிவின்மையைப் பற்றிப் பேச அதுவே சரியான தருணம்.

ஆறாவது குறியிலிருந்து எடுக்கும் அடி முதல் குறியில் வந்து விழவில்லை என்பதுதான் பொதுவான சிக்கல். கவராயம் தளர்வாக இருந்தால் ஒவ்வோர் அடியிலும் வரும் சிறு பிழை ஆறு மடங்காகும். திருகை இறுக்குங்கள், தாளுக்கு அடியில் அட்டை வையுங்கள், பிழையோடு தொடரவிடாமல் முதல் வட்டத்திலேயே திருத்தச் செய்யுங்கள்.

டெல்லி உமாயூன் கல்லறையின் முகப்பில் இந்த ஆறுமுனை நட்சத்திரத்தைக் காட்டுங்கள். யூத அடையாளம் என்று ஒருவர் சொல்வார், முருகனின் அறுகோணம் என்று இன்னொருவர். இருவரும் சரி. ஒரு வடிவம் ஒரு சமயத்துக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. யார், எங்கே, எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்தே பொருள் வருகிறது. ஸ்வஸ்திகத்தையும் இதே இடத்தில் பேசிவிடுவது நல்லது. இந்து, சமண, பௌத்த மரபுகளில் மங்கலக் குறியாகவும் ஜப்பானிய வரைபடங்களில் பௌத்தக் கோயிலைக் குறிக்கும் அடையாளமாகவும் இருக்கும் அது, நாஜிகளின் கையில் என்ன ஆயிற்று என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நடந்து கற்க வேண்டியது

ஜாவாவின் போரோபுதூர் படத்தில் மலைபோலத் தெரியும். அதன் கருத்து காலில்தான் இருக்கிறது. கீழே சதுரத் தளங்கள். இருபுறமும் சுவர் உயர்ந்த நடைபாதைகளில் புடைப்புச் சிற்பக் கதைகள். மேலே மூன்று வட்டத் தளங்கள். 32, 24, 16 என்று மொத்தம் 72 துளையிட்ட தூபிகள், நடுவில் மூடிய பெருந்தூபி. பள்ளித் தாழ்வாரத்தின் இருபுறமும் கதைப் படங்களை ஒட்டி, மையம் வலப்புறம் இருக்கும்படி மாணவர்களை ஒரு சுற்று நடக்கவிட்டு, நேராகத் திறந்த மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே படமே வேண்டாம். கதைகள் முடிந்து வெளி திறக்கும் அந்த மாற்றத்தை உடம்பு முதலில் உணர்ந்துவிடும், விளக்கம் பிறகு வரலாம்.

ஜாவாவின் வயாங் குலித் பாவைக்கூத்தைச் செய்து பார்க்க இரண்டு பாடவேளை வேண்டும். கருப்பு அட்டையில் 40 செ.மீ. பாவை, தோளிலும் முழங்கையிலும் அசையும் மூட்டு, 1 × 1.5 மீட்டர் வெள்ளைத் துணி. நிழல் மங்கினால் பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். விளக்குப் பக்கம் நகர்த்தினால் நிழல் பெருத்து மங்கும். இரண்டு மூன்று நிழல்கள் தெரிந்தால் விளக்கில் பல எல்.இ.டி. முத்துகள் இருக்கின்றன என்று பொருள். ஒற்றை முத்து விளக்காக மாற்றுங்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

சமயத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் வேலை, சமயத்தைக் கடைப்பிடிக்கச் செய்வது அல்ல. ‘என்று பௌத்தர்கள் நம்புகிறார்கள்’, ‘என்று சைவ மரபு சொல்கிறது’ என்ற முடிவுகளைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தச் சமயத்துக்கும் இதே வாக்கிய அமைப்புதான். ‘அவர்கள் நம்புகிறார்கள், நமக்குத் தெரியும்’ என்று பேச்சு வழுக்கினால் மாணவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். வகுப்பில் பொய்ப் பூசையோ தொழுகை நடிப்போ வேண்டாம். நம்பாதவருக்கு அது திணிப்பு, நம்புகிறவருக்கு அவமதிப்பு.

வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிமோ பௌத்தரோ இருந்தால் அவரைத் தம் சமயத்தின் பேச்சாளராக நிறுத்தாதீர்கள். அவராகப் பேச விரும்பினால் கேளுங்கள். அது ஒரு வீட்டின் வழக்கம், ஒரு சமயத்தின் முழு விதி அல்ல என்பதையும் மற்றவர்களுக்கு நினைவூட்டுங்கள். நபிகள் நாயகத்தின் உருவம் உள்ள பழைய ஓவியங்கள் உண்டு. ஆனால் இன்று மிகப் பல முஸ்லிம்களை அது புண்படுத்தும், பாடத்துக்கு அது இன்றியமையாததும் அல்ல. தெய்வ உருவங்களும் வேத, குர்ஆன் வரிகளும் உள்ள தாள்களைத் தரையில் பரப்பவோ குப்பையில் போடவோ வேண்டாம். வகுப்பு முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூத்த மாணவர்களோடு, பொருள் இங்கே எப்படி வந்தது என்ற கேள்வியைத் தயங்காமல் எடுங்கள். புத்தரின் தலை மட்டும் இத்தனை அருங்காட்சியகங்களில் இருப்பது ஏன் என்று கேட்டால் போதும். தலை மட்டும் செதுக்கப்படவில்லை, பல இடங்களில் வெட்டி எடுக்கப்பட்டது. அரியலூர் மாவட்டத்தின் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வரை போன நடராசர் 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பினார். கோயில், வாங்கிய கலைக்கூடம், இரு நாட்டு அரசுகள், திருடுபோன ஊரின் பக்தர்கள் என்று பிரிந்து மாணவர்கள் வாதாடலாம். 45 நிமிடம் போதாது, இரண்டு வேளை ஒதுக்குங்கள்.

மதிப்பிடுதல்

கட்டுரை வேண்டாம். பொருளுக்கு 80 சொல்லில் அருங்காட்சியக அறிமுகக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். 10 மதிப்பெண்ணில் கண்ணால் கண்ட நுணுக்கத்துக்கு 3, பயன்பாட்டுக்கு 3, இடம், காலம், அளவுக்கு 2, வந்த வழிக்கு 1, இன்னும் பதில் தெரியாத நல்ல கேள்விக்கு 1. ‘அழகிய’, ‘பழமையான’, ‘ஆன்மிக’, ‘மர்மமான’ ஆகிய நான்கு சொற்களுக்கும் தடை. ‘சோழர்களின் அழகிய, பழமையான கலைப்படைப்பு’ என்று எழுத முடியாமல் போனவர், ‘பீடத்தில் உள்ள துளைகளில் கம்பு கொடுத்துத் திருவிழாவில் வீதிக்கு எடுத்து வந்தார்கள்’ என்று எழுதத் தொடங்குவார்.

எழுதி முடித்ததும் தாளை மாற்றிக்கொள்ளட்டும். படத்தைப் பார்க்காத ஒருவரிடம் குறிப்பை வாசித்துக்காட்டி, கேட்டதை வைத்து அவரை வரையச் சொல்லுங்கள். அவருடைய படத்தில் எது விடுபட்டதோ அது குறிப்பில் விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்த்து, சொல் எண்ணிக்கை கூடாமல் இரண்டாம் முறை எழுதிய குறிப்புக்கே மதிப்பெண் போடுங்கள்.